அம்மாவின் நாற்காலி



இதை எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். எழுதப்போவது என் தாயாரின் நோயைப் பற்றி மட்டுமன்று, அந்த நாட்களில் அவரிடம் நான் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியும்தான். அம்மாவிடம் அனுமதி கேட்டேன். "என் பேர் வேண்டாம், மத்ததை எழுது" என்றார்.

காஞ்சிபுரத்தில் ஒலிமுகமது பேட்டைப் பக்கம் எங்கள் வீடு. அத்தா பழைய பட்டுச் சேலைகளை வாங்கி விற்றவர். அல்லாஹ் அவர் கப்ரை ஒளிமயமாக்குவானாக. அத்தா மறைந்தபின் அம்மா என்னோடு இருக்கிறார். வயது 64. இரத்த அழுத்தம் பதினைந்து ஆண்டுகளாக, சர்க்கரை பத்து ஆண்டுகளாக. இரண்டுக்கும் மாத்திரை உண்டு. ஆனால் திருமண வீடு, நோன்பு, விருந்தினர் வருகை என்று ஏதாவது ஒரு காரணத்தால் மாதத்தில் சில நாட்கள் அது தவறிப்போகும். எங்கள் வீட்டில் மட்டும் அப்படி என்று நான் நினைக்கவில்லை.

முதலில் மொட்டை மாடிக்கு மிளகாய் காயவைக்கப் போனபோது பாதிப் படியில் நின்றார். பிறகு இரவில் ஒரு தலையணை இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. மாலையில் கணுக்காலில் செருப்பு வாரின் தடம் அழுந்திக் கிடந்தது. ஊரிலேயே ஒரு ஸ்கேன் மையத்தில் எக்கோ எடுத்தோம். இதயத்தின் சுருங்கு திறன் நன்று, எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 62 சதவீதம், வால்வுகளில் குறையில்லை என்று அறிக்கை வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அதை மடித்து அலமாரியில் வைத்தோம். மூச்சு வாங்குவதற்கு வயது என்று பெயர் வைத்தோம். பிறகு உடல் எடை என்றோம்.

அடுத்து ரமழான் வந்தது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடிக் கூடத்தில் பெண்கள் கூடித் தராவீஹ் தொழுவது வழக்கம். இருபது ரக்அத் என்றால் இருபது ருகூவு, நாற்பது ஸஜ்தா. இஷாவையும் வித்ரையும் சேர்த்தால் இன்னும் கூடும். மூன்றாம் நாள் எட்டாவது ரக்அத் முடிந்ததும் அம்மா மெல்லப் பின்னால் போய், சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தொழுகை முடிந்து படி இறங்கும்போது ஒருவர் கேட்டார்: "என்னக்கா, போன வருஷம் நல்லாத்தானே நின்னீங்க?" அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அம்மாவுக்காக அன்று, எனக்காகத்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்: "டாக்டர் எல்லாம் நார்மல்னு எழுதிக் கொடுத்திருக்கார். இது மனசுதான். நாற்காலி ஒரு தடவை பழகிடுச்சுன்னா அப்புறம் நிக்கவே வராதும்மா." அலமாரியில் இருந்த அறிக்கையை எடுத்து அந்த 62 சதவீதத்தையும் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள் அல்லவா, ஆதாரம் காட்டாமல் பேசுவதில்லை.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நின்று தொழுதார். பன்னிரண்டாவது ரக்அத்தில் ஸஜ்தாவிலிருந்து எழுந்தவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். உதடு வெளுத்திருந்தது. நான்கு பெண்கள் சேர்ந்து அவரை ஜன்னலோரம் உட்காரவைத்தோம். மூச்சு சீராகக் கால் மணி நேரம் ஆனது. பிறகு அவர் சொன்னது இவ்வளவுதான்: "நின்னா இருக்கு. குனிஞ்சா போயிடுது. அதைத்தான் ரெண்டு மாசமா சொல்லிட்டிருக்கேன்."

ஆம், சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

இரண்டு நாள் கழித்து ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி வழியாகப் பேருந்தில் சென்னைக்குப் போனோம். இதய மருத்துவர் ஒரு பெண்மணி. அறிக்கையைப் பார்ப்பதற்கு முன் அம்மாவின் முகத்தைப் பார்த்து, "எப்போது மூச்சு வாங்குகிறது?" என்று கேட்டார். அம்மா ருகூவு என்றார். அவருக்குப் புரியவில்லை. அம்மா எழுந்து அந்த அறையிலேயே முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து காட்டினார். மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அரை நிமிடம் ஆவதற்குள் அம்மாவால் முடியவில்லை.

முன்புறம் குனிந்து முப்பது விநாடிக்குள் மூச்சுத் திணறினால் அதையும் இதயச் செயலிழப்பின் ஓர் அறிகுறியாகக் கொள்ளலாம் என்று அமெரிக்காவின் டல்லாஸ் நகர மருத்துவர்கள் 2014இல் எழுதியிருக்கிறார்களாம். குனியும்போது மார்புக்குள் அழுத்தம் கூடுகிறது. இதயத்துக்குள் ஏற்கெனவே அழுத்தம் மிகுந்திருப்பவருக்கு அது தாங்கும் அளவைக் கடந்துவிடுகிறது. ஒரு நாளின் பர்ளுத் தொழுகைகளில் மட்டும் பதினேழு ருகூவு, முப்பத்து நான்கு ஸஜ்தா. இப்படிப்பட்ட அறிகுறி நம் வீடுகளில் முதலில் முஸல்லாவில்தான் தெரியவரும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடியும் எக்கோ. ஆண் பரிசோதகரிடம் மார்பைத் திறந்து படுக்க அம்மாவுக்கு மனமில்லை. முதல் முறை அவசர அவசரமாக முடித்துக்கொண்டு வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இம்முறை பெண் பரிசோதகர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டோம். அரை மணி காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தோம். கேட்டால் கிடைக்கிறது. கிடைக்காத இடத்திலும் போர்வையால் மூடித் தேவையான இடத்தை மட்டும் விலக்கிப் பார்க்கச் சொல்லலாம். வெட்கத்தால் பரிசோதனையையே தள்ளிப்போடும் நம் பெண்களை நான் அறிவேன். அறையின் சுவரில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது என்ற அறிவிப்புப் பலகை தொங்கியது. அதைப் படித்த அம்மா, "எனக்கு எதுக்கு இது" என்று சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, குளிர்ந்த ஜெல் தடவி, விலா எலும்புகளுக்கு இடையே கருவியை வைத்தார்கள். திரையில் நான்கு அறைகளும் தெரிந்தன. பிறகு டாப்ளர் என்ற பகுதிக்கு மாறியதும் இரத்தம் ஓடும் ஓசை கேட்டது. "பக்கத்து வீட்டுத் தறி மாதிரி இருக்கு" என்றார் அம்மா. பிள்ளையார்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவர்.

மருத்துவர் படத்தை நிறுத்தி எனக்கு விளக்கினார். நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன்.

இதயம் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளுவதை மட்டுமே நாம் வேலை என்று எண்ணுகிறோம். எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் என்பது அந்த வேலைக்கான மதிப்பெண். ஆனால் நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி. அதில் சுருங்கும் நேரம் ஏறத்தாழ 0.3 விநாடிதான், மீதி அரை விநாடி தளர்ந்து நிரம்புவதற்கு. அம்மாவின் இதயம் நன்றாகவே சுருங்கியது. தளரத்தான் அதனால் முடியவில்லை. பல ஆண்டு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வயதும் சேர்ந்து சுவரை விறைக்கச் செய்திருந்தன. விறைத்த அறைக்குள் இரத்தம் நுழைய வேண்டுமானால் பின்னாலிருந்து அழுத்தம் கூட வேண்டும். அந்தப் பின்பக்கம்தான் நுரையீரல்.

தளர்வது என்றால் சும்மா இருப்பது என்று நினைத்திருந்தேன். அது தவறாம். சுருங்கிய தசை தளர, அதற்குள் பாய்ந்த கால்சியத்தை மறுபடி அதன் இருப்பிடத்துக்கு இறைத்தாக வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். இதைக் கேட்டதும் எனக்கு மய்யித்தைக் குளிப்பாட்டும் அறை நினைவுக்கு வந்தது. உயிர் பிரிந்தவுடன் கண்ணை மூடுகிறோம், தாடையைக் கட்டுகிறோம், கைகால்களை நீட்டிவிடுகிறோம். தாமதித்தால் உடல் விறைத்துவிடும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்துவார்கள். அந்த விறைப்புக்குக் காரணம் தசை தளர்வதற்கான ஆற்றல் தீர்ந்துபோவதுதான். எத்தனையோ முறை அந்த அறையில் நின்றிருக்கிறேன், ஒருமுறையும் இதைச் சிந்தித்ததில்லை.

இனி அந்தத் திரையில் என்ன பார்த்தார்கள் என்பது. மேலறையிலிருந்து கீழறைக்கு இரத்தம் இரண்டு தவணையாக இறங்குகிறது. கீழறை தளரும்போது முதலில் வேகமாக இறங்குவது ‘ஈ’ அலை. கடைசியில் மேலறை சுருங்கி மீதியைத் தள்ளுவது ‘ஏ’ அலை. இளமையில் ஈ உயரமாகவும் ஏ குட்டையாகவும் இருக்கும். தளர்ச்சி மந்தமானால் ஈ குட்டையாகி ஏ உயரும்; இதை முதல் நிலை என்கிறார்கள். அறுபதைத் தாண்டிய பலருக்கு இது வயதின் காரணமாகவே இருக்கும். ஆகவே அறிக்கையில் ‘டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன் கிரேடு 1’ என்று பார்த்ததும் குடும்பக் குழுவில் போட்டுக் கலங்க வேண்டியதில்லை. இதைத் தனியாகச் சொல்லக் காரணம், என் சித்தி அப்படித்தான் செய்தார்.

சிக்கல் அதற்கு அடுத்த நிலையில். மேலறையில் அழுத்தம் ஏறியதும் அது இரத்தத்தை வேகமாகத் தள்ளத் தொடங்குகிறது, ஈ அலை மறுபடி உயர்கிறது. படத்தைப் பார்த்தால் முப்பது வயதுக்காரரின் இதயம் போலத் தோன்றும். இதற்கு மருத்துவர்கள் வைத்த பெயரே ‘போலி இயல்பு’ என்ற பொருள் தருவது. அம்மாவின் ஈ அலை விநாடிக்கு 90 செ.மீ., ஏ அலை 75 செ.மீ. பார்வைக்கு ஒழுங்கானது.

அத்தா ஞாபகம் வந்தது. பழைய சேலையைக் கையில் எடுத்ததும் அதன் மினுமினுப்பை வைத்து அவர் விலை சொல்லமாட்டார். ஓரத்து ஜரிகையில் ஓர் இழையை நகத்தால் சுரண்டுவார். உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால்தான் பேச்சு. இங்கேயும் அப்படிச் சுரண்டிப் பார்க்க வழி இருக்கிறது. இரத்தத்தின் வேகத்தை விட்டுவிட்டு, இதயச் சுவரே எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்று அதே டாப்ளரால் அளக்கிறார்கள். இதன் பெயர் ‘ஈ பிரைம்’. இரு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் அது விநாடிக்கு 7 செ.மீ.க்குக் கீழும், பக்கச் சுவரில் 10 செ.மீ.க்குக் கீழும் இருந்தால் குறைவு. அம்மாவுக்கு 5, 7. சராசரி 6. ஈ அலையை அதனால் வகுத்தால் 15 வருகிறது. 14ஐத் தாண்டினால் உள்ளே அழுத்தம் கூடியிருக்கலாம் என்று பொருள். இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து அவர்கள் முடிவு செய்வதில்லை. இடது மேலறை வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள், வீங்கியிருந்தது. சர்க்கரைக்காரர்களுக்கு மூன்று மாதச் சராசரி காட்டும் இரத்தப் பரிசோதனை இருக்கிறதல்லவா, அதுபோல மேலறையின் அளவு நெடுநாள் அழுத்தத்தின் கணக்கு என்றார் மருத்துவர். நுரையீரல் பக்க அழுத்தத்தை ஊகிக்க வலப்பக்க வால்வில் பின்னோக்கிக் கசியும் இரத்தத்தின் வேகத்தையும் அளந்தார்கள், விநாடிக்கு 2.8 மீட்டருக்குள் இருக்க வேண்டியது 3 இருந்தது. இரண்டாம் நிலை என்று எழுதினார்கள்.

"அப்படியானால் முதல் அறிக்கை பொய்யா?" என்று கேட்டேன். "இல்லை, அது பாதி" என்றார். இதயச் செயலிழப்புக்கு ஆளாகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சுருங்கு திறன் சரியாகவே இருக்குமாம். எந்த மையத்தின் மீதும் எனக்குக் கோபமில்லை. அறிக்கையின் பாதியைப் பார்த்துவிட்டு, முழுதாகப் பேசிய மனிதரை நம்பாமல் போனது நான்.

எக்கோவின் கதை ஒரு கப்பல் தளத்தோடு தொடர்புடையது. 1953இல் ஸ்வீடனின் லண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தின் உள்விரிசலைக் காணப் பயன்பட்ட ஒலிக்கருவியை இரவல் வாங்கி இதயத்தின் அசைவைப் பார்க்க முயன்றார்கள். டாப்ளர் என்பவர் 1842இல் தம் விதியை எழுதியபோது அவர் மனத்தில் இருந்தவை நட்சத்திரங்கள். அதற்கெல்லாம் வெகுமுன்பே, டமாஸ்கஸில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து 1288இல் மறைந்த இப்னு நஃபீஸ், இரத்தம் வலது அறையிலிருந்து நுரையீரல் வழியாகத்தான் இடது அறைக்கு வருகிறது, நடுச்சுவரில் துளை இல்லை என்று எழுதிவிட்டார். அவர் சொன்ன அந்த வழியில்தான் அம்மாவுக்கு நெரிசல். இடது அறை இடங்கொடுக்காததால் இரத்தம் நுரையீரலில் தேங்கியது.

மருத்துவம் எளிமையாகவே இருந்தது. தேங்கிய நீரை வெளியேற்ற ஒரு மாத்திரை. சர்க்கரைக்காக வந்த டாபாகிளிஃப்லோசின், இவ்வகை இதய நோய்க்கும் உதவுகிறது என்று 2022இல் ஆய்வில் தெரிந்தது. இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து விலை இறங்கியதால் எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. இரத்த அழுத்த மாத்திரை ஒரு நாளும் தவறக் கூடாது. தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே தெரிவிக்க வேண்டும். உப்பு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள். இந்தக் கடைசிக் கட்டளைதான் கடினமானது. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இல்லாத சஹரை அம்மா சஹர் என்றே ஒப்புக்கொள்ளவில்லை.

அதற்கும் தீர்வு வந்தது, அவர் விரும்பாத வழியில். நீர் பிரியும் மாத்திரை தொடங்கிய நிலையில் பகல் முழுதும் தண்ணீரின்றி இருப்பது ஆபத்து, மீதி நோன்புகளை இப்போது வைக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பேருந்தில் வரும்போது அம்மா முக்காட்டுக்குள் அழுதார். ஒன்பது வயதிலிருந்து விடாத நோன்பு.

எங்கள் மஹல்லா ஹஜ்ரத்திடம் போனேன். அறிக்கையைக் கையில் வாங்காமலே அவர் கேட்டது: குனிந்தால் என்ன ஆகிறது, நின்றால் என்ன ஆகிறது, மருத்துவர் என்ன சொன்னார்? நோயாளிக்கு நோன்பைத் தள்ளிவைக்க அல்லாஹ் குர்ஆனிலேயே அனுமதி தந்திருக்கிறான், உடல் தேறினால் களா செய்யட்டும், தேற வாய்ப்பில்லை என்றால் ஃபித்யாவைப் பற்றி அப்போது பேசுவோம் என்றார். தொழுகைக்கு, மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொல்லிக் கொடுத்ததை எடுத்துச் சொன்னார்: நிற்க முடிந்தால் நின்று, முடியாவிட்டால் அமர்ந்து, அதுவும் முடியாவிட்டால் விலாப்புறமாகச் சாய்ந்து. நாற்காலியில் அமர்ந்து சைகையால் தொழும்போது ருகூவைவிட ஸஜ்தாவுக்குத் தலை சற்று அதிகம் தாழ வேண்டும், அவ்வளவே. இடுப்பை மடக்கித் திணற வேண்டியதில்லை. எதை நின்று செய்வது, எதை அமர்ந்து செய்வது என்பதில் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளிடையே சிறு வேறுபாடுகள் உண்டு. ஆகவே வாசிப்பவர்கள் தங்கள் நிலையைத் தங்கள் ஆலிமிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது அவர், "உங்கம்மா இத்தனை நாளா எப்படித் தொழுதாங்க?" என்று கேட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. எடை நான்கு கிலோ இறங்கியிருக்கிறது. தலையணை மூன்றிலிருந்து ஒன்றாகிவிட்டது. சென்ற மாதம் எடுத்த எக்கோவில் அழுத்தத்தின் அடையாளங்கள் தணிந்திருக்கின்றன. ஆனால் சுவரின் தளர்ச்சி அதே மந்தத்தில்தான், அது முழுதாகத் திரும்பும் என்று யாரும் வாக்களிக்கவில்லை. உங்கள் துஆவில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்த அன்று மாலை, அந்த ரமழான் இரவில் நான் பேசியதற்காக அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். இத்தனை மாதம் கேட்காமல் இருந்தேன். அவர் ஒளூ செய்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எந்த ராத்திரி?" என்றார். பிறகு, "இஷாவுக்கு நேரமாச்சு. அந்த நாற்காலியை இப்படிப் போடு" என்றார்.